கதிர்த்திருப்ப நாள் கடந்துவிட்டால் கொண்டாட்டம் பொருளற்றதாகிவிடுமா?

அடுத்த கேள்விக்கு வருவோம். "நண்பர்கள் சிலர் சேர்ந்து, நகரத்தைவிட்டு விலகிய ஒரு நாட்டுப்புறத்தில், ஆண்டின் மிக நீண்ட பகல் வரும் கோடைக்காலக் கதிர்த்திருப்பத்தைக் கொண்டாட எண்ணியிருக்கிறோம். ஆனால் அது வேலை நாளில் வருகிறது. அடுத்த சனிக்கிழமைதான் எல்லோராலும் வர முடியும். நாள் கடந்தபின் கொண்டாடுவதில் பொருள் உண்டா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். தாராளமாகக் கொண்டாடலாம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதால், சூரியன் ஆறு மாதம் வடக்கு நோக்கியும் ஆறு மாதம் தெற்கு நோக்கியும் நகர்வதுபோல நமக்குத் தோன்றுகிறது. வடக்கே அது எட்டக்கூடிய எல்லையைத் தொடும் அந்த ஒரு கணம்தான் கோடைக்காலக் கதிர்த்திருப்பம். 2024ஆம் ஆண்டில் அது கிரீன்விச் நேரப்படி ஜூன் 20 இரவு 8.51 மணிக்கு நிகழ்ந்தது. 2025இல் ஜூன் 21 அதிகாலை 2.42 மணிக்கு. அந்தக் கணத்தில் வானத்தில் மணியா அடிக்கிறது? மார்ச் மாதக் கடைசியில் ஒரே நாளில் 0.4 பாகை நகர்ந்துவிடும் சூரியன், கதிர்த்திருப்பத்தை ஒட்டிய ஒரு முழு வாரத்தில் 0.2 பாகைகூட நகர்வதில்லை. சூரிய வட்டத்தின் அகலமே அரைப் பாகை என்பதை நினைத்துப் பாருங்கள். இலண்டனில் அன்றைய பகல் ஏறத்தாழ 16 மணி 38 நிமிடம். ஒரு வாரம் கழித்துப் போனால் இரண்டு, மூன்று நிமிடங்கள்தான் குறைந்திருக்கும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. மிக நீண்ட பகல் கொண்ட நாளில்தான் சூரியன் மிகத் தாமதமாக மறையும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம், அது உண்மையன்று. அந்த நாட்களில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் தினமும் பத்துப் பன்னிரண்டு வினாடிகளுக்கு மேல் தள்ளிப்போவதால், மிக முந்திய சூரிய உதயம் கதிர்த்திருப்பத்துக்குச் சில நாட்கள் முன்பும், மிகப் பிந்திய அஸ்தமனம் சில நாட்கள் பின்பும் நிகழ்கின்றன. இலண்டன் இருக்கும் அட்சரேகையில் இவை ஜூன் 17, ஜூன் 25 ஆகிய தேதிகளை ஒட்டி வருகின்றன. தெற்கே வரவர இந்த இடைவெளி விரிகிறது. ஆகவே மாலை வெளிச்சத்துக்காகவே கூடுகிறீர்கள் என்றால், உங்கள் சனிக்கிழமை ஒருவகையில் இன்னும் பொருத்தமான நாள்!

இதையே ஊரறிய, நாடறியச் செய்தவர்களும் உண்டு. நெடுங்காலம் ஜூன் 24இல் நிலைத்திருந்த நடுக்கோடை விடுமுறையை, ஸ்வீடன் 1953 முதல் ஜூன் 20க்கும் 26க்கும் இடையில் வரும் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டது. பின்லாந்தும் 1955இல் அவ்வாறே செய்தது. கொண்டாட்டத்தின் களை அதனால் குறைந்துவிடவில்லை.

நாளைவிட இடத்துக்குத்தான் நான் முதன்மை தருவேன். வடமேற்கும் வடகிழக்கும் மறைப்பின்றித் திறந்திருக்கும் மேடான புல்வெளி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். உயர்ந்த அட்சரேகைகளில் சூரியன் நேராக இறங்காமல் தொடுவானத்தை ஒட்டிச் சாய்வாக வழுக்கிக்கொண்டே மறைவதால், அந்தி நெடுநேரம் நீடிக்கும். 48.5 பாகைக்கு வடக்கே அன்றைய இரவு முழுமையாக இருட்டுவதே இல்லை: வடமேற்கில் தங்கிய மங்கல் ஒளி, நள்ளிரவில் நேர்வடக்குக்கு நகர்ந்து, வடகிழக்கில் விடியலோடு கலந்துவிடுவதை நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். பால்வழி மண்டலத்தைக் காணலாம் என்று தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு வரும் நண்பர் மட்டும் ஏமாந்துபோவார். முழுநிலவை நம்பியும் போகாதீர்கள்; கோடையில் முழுநிலவு சூரியனுக்கு எதிர்ப்புறம் நிற்பதால், தெற்கே மிகத் தாழ்வாகவே ஊர்ந்து போகும். விடியும் முன் புல் பனியில் நனைந்துவிடும் என்பதால் விரிப்பை மறக்க வேண்டாம். புல் காய்ந்திருந்தால் தீ மூட்டும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

பகலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டால், சமதரையில் ஒரு மீட்டர் உயரக் குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழல் நுனியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொண்டே வாருங்கள். குச்சிக்கு மிக அருகில் விழுந்த கல்தான் உண்மையான நண்பகல். கடகரேகைக்கு வடக்கே உள்ள இடங்களில் அந்த நிழல் காட்டும் திசையே வடக்கு என்பதால், மாலையில் எந்தப் பக்கம் பார்த்து அமர வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்ததும் கல்லை எடுத்துவிடாதீர்கள். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கும் கோடைக்கால நேரம் நடைமுறையில் உள்ள இலண்டனில் நண்பகல் ஒரு மணியைத் தாண்டித்தான் வருகிறது. அங்கே அந்த நிழல் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர் இருக்கும். அதே குச்சிக்கு டிசம்பர் கதிர்த்திருப்பத்தில் 3.7 மீட்டர் நீளும்.

தென் அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்கு இவை அனைத்தும் டிசம்பர் 21, 22ஐ ஒட்டி வரும். திசைகளில் வடக்கு என்று சொன்னதைத் தெற்கு என்று மாற்றிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மேகம் மூடிக்கொண்டால் ஞாயிறன்றும் அதே அந்திதான். இயன்றால் இரண்டு இரவுகள் தங்குமாறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.