பெற்ற மனத்தை நம்புங்கள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆண்டுதோறும் இந்தத் திரைப்பட மாலையை விடாது நடத்திவரும் நூலகர் அம்மையார் அவர்களே, வழக்குக் கட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் மூத்த வழக்கறிஞர் ஐயா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களே, மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட நிறுவனத்தில் வேலை பார்த்த பெரியவர்களின் வீட்டுப் பிள்ளைகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். ஏற்காடு சாலையில் முகப்பு வளைவு மட்டும் எஞ்சி நிற்கும் அந்த நிறுவனத்தை டி.ஆர்.சுந்தரம் அவர்கள் கட்டி எழுப்பிய நம் சேலத்தில், ஒரு படத்தைப் பற்றிப் பேசுவதை நான் பெரும் பேறாகக் கருதுகிறேன்.

ஓட்டோ பிரெமிங்கர் இயக்கி 1965 இல் வெளிவந்த 'பன்னி லேக் இஸ் மிஸ்ஸிங்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தின் கதையமைப்பு, அதற்கு விமர்சகர்கள் அளித்த தீர்ப்பு ஆகிய இரண்டையும் இன்று பேச நினைக்கிறேன்.

அமெரிக்காவிலிருந்து லண்டனுக்குக் குடிவந்த ஆன் என்ற இளந்தாய், தன் நான்கு வயது மகளை முதல்நாள் மழலையர் பள்ளியில் விட்டுச் செல்கிறாள். திரும்ப வந்து கேட்டால், அப்படியொரு குழந்தையை நாங்கள் பார்க்கவேயில்லை என்கிறார்கள். குழந்தையின் உடைமைகளும் வீட்டிலிருந்து மறைந்துவிடுகின்றன. லாரன்ஸ் ஒலிவியர் நடித்த காவல் அதிகாரி, குழந்தையைத் தேடும்போதே, அப்படியொரு குழந்தை உண்டா என்றும் தேடத் தொடங்குகிறார். பெற்ற மனம் பித்து என்பது நம் முன்னோர் வாக்கு. இந்தப் படத்திலோ அந்தப் பித்தே தாய்க்கு எதிரான சாட்சியாகிறது. குழந்தையின் முகத்தை நமக்கும் முதலில் காட்டாமல் வைத்து, அந்த அதிகாரியின் ஐயத்தை நம் நெஞ்சிலும் ஊன்றிவிடுகிறார் இயக்குநர். தாயின் கையில் எஞ்சியது, பொம்மை பழுதுபார்க்கும் கடையில் கொடுத்த பொம்மைக்கான ரசீது ஒன்றுதான்.

படம் வந்தபோது விமர்சகர்கள் பெரிதாகப் போற்றவில்லை. முடிவு நம்பும்படியாக இல்லை என்று குறை கூறினார்கள். பல ஆண்டுகள் கழித்தே அதன் மதிப்பு உயர்ந்தது. முடிவை நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் முடிவை உரசிப் பார்த்தவர்கள், ஒரு தாய் தன் குழந்தைக்குச் சான்று காட்ட வேண்டிய அந்த நடுப்பகுதியின் கொடுமையை இன்னும் ஆழமாக எழுதியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏனெனில் அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நம் ஊர் ஆடித் திருவிழாக் கூட்டம் ஒன்றில், கொலுசுப் பட்டறையில் மணி பற்றவைக்கும் ஒரு பெண்ணின் மகள் கைநழுவிப் போனாள். உதவி மேசையில் இருந்தவரிடம் அந்தத் தாய் ஓடினாள். "ஏம்மா, வீட்டுக்காரரோடு சண்டையா? அவர் கூட்டிக்கொண்டு போயிருப்பார், சாயங்காலம் வரைக்கும் பாரு" என்றார் அவர். "போட்டோ இருக்கா?" என்றார். இல்லை. மஞ்சள் பாவாடை, வலது காலில் மட்டும் கொலுசு என்றாள். ஒரு காலில் மட்டும் யார் கொலுசு போடுவார்கள் என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். இடது கால் கொலுசின் திருகாணி தேய்ந்ததால் பட்டறையில் இருக்கிறது என்று அவள் கதறியும் எவரும் எழுதிக்கொள்ளவில்லை. பெற்ற மனம் பித்து என்று ஒரு பெரியவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். கேட்டுக்கொண்டிருந்த தட்டுவடை செட் விற்கும் அம்மாள் மட்டும் கடையை அப்படியே போட்டுவிட்டு, ஒவ்வொரு பிள்ளையின் காலாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். ராட்டினத்துக்குப் பின்னால், ஒற்றைக் கொலுசோடு அழுதுகொண்டிருந்தவளை இடுப்பில் தூக்கிவந்து, "இந்தா கண்ணு, உன் அம்மா" என்று இறக்கிவிட்டார்.

காணாமற்போன குழந்தை பற்றிய புகாரை, கடத்தலாக இருக்கக்கூடும் என்றே கொண்டு முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 இல் ஆணையிட்டது. நான்கு மாதங்களில் குழந்தை கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். "சாயங்காலம் வரைக்கும் பாரு" என்பதற்கு அந்த ஆணையில் இடமே இல்லை. பெற்ற மனம் பித்துத்தான். அந்தப் பித்தின் சொல்லை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயத்தைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காடு கோடை விழாவிலும் ஆடித் திருவிழாக்களிலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் இந்த ஆணையையும் பெரிய எழுத்தில் பலகைகளாக வைக்கக் கோரும் விண்ணப்பம் வாயில் மேசையில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அவர்களிடம் அதைக் கொடுக்க இருக்கிறோம். தலைவர் அவர்கள் முதல் கையொப்பம் இடுமாறு வேண்டி, உங்கள் ஒவ்வொருவரையும் அந்த மேசைக்கு அழைக்கிறேன்.