முன் பிரேக் மேல் ஏன் இத்தனை பயம்?

நேயர்களுக்கு வணக்கம். இருபது வருடத்துக்கு மேலாக பைக் பட்டறை வைத்திருக்கிறேன். சர்வீசுக்கு வரும் வண்டியின் சக்கரத்தைக் கழற்றினாலே, ஓட்டுபவர் எப்படி பிரேக் பிடிக்கிறார் என்று தெரிந்துவிடும். பல வண்டிகளில் பின் பிரேக் ஷூ தேய்ந்து ஒன்றுமில்லாமல் போயிருக்கும். முன் டிஸ்க் பேடு புதுசு போல் இருக்கும். கேட்டால், "முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி அடிச்சிடும் அண்ணே" என்பார்கள். சின்ன வயதில் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் போட்ட பயம் அது. பைக் வாங்கிய பிறகும் விடவில்லை.

பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் போட்டால் எல்லோரும் முன்பக்கம் சாய்கிறோம் அல்லவா? பைக்கிலும் அப்படித்தான். பாரம் முன் சக்கரத்துக்கு வந்துவிடும். அது ரோட்டை இறுக்கிப் பிடிக்கும். பின் சக்கரமோ லேசாகிவிடும். அதைப் போய் ஓங்கி மிதித்தால் சுற்றாமல் லாக் ஆகி வாலை ஆட்டும், அவ்வளவுதான். காய்ந்த தார் ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் சுமார் 20 மீட்டரில் நின்றுவிடலாம். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம் ஓடும். ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆனாலே 16 மீட்டருக்கு மேல் போயிருப்போம், அது தனிக்கணக்கு.

அப்படியானால் முன் பிரேக் பிடித்து விழுந்தவர்கள்? அவர்கள் வெடுக்கென்று பிடித்திருப்பார்கள். பாரம் முன்னால் வந்து சேர்வதற்குள் சக்கரம் லாக் ஆகிவிடும். லீவரை முதலில் லேசாக அழுத்துங்கள், முன்பக்கம் அமுங்குவது தெரிந்ததும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஹேண்டில் நேராக இருக்கட்டும். வளைவென்றால் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மணல் கிடந்தால், அல்லது கோடை முடிந்து பெய்யும் முதல் மழையில் எண்ணெயும் புழுதியும் கலந்து ரோடு வழுக்கினால், இரண்டு பிரேக்கையும் இன்னும் மென்மையாகத்தான் தொட வேண்டும்.

2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு, கட்டாயம். ஆனால் பல வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான்; பின் சக்கரம் வழக்கம்போல லாக் ஆகும். வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

இன்னொன்று, கிளட்ச். பிரேக்கோடு சேர்த்து அதையும் பிடித்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம். வேகத்தைக் குறைக்க உதவும் எஞ்சினின் இழுப்பு போய்விடும். கடைசியில், வண்டி நிற்கப்போகும் நேரத்தில் பிடித்தால் போதும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இழுப்பு இல்லாததால் பாதி வழியிலேயே பிரேக் டிரம் கொதித்து, மிதித்தாலும் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான மைதானம் ஒன்றைப் பிடியுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, கை பழகப் பழக 30, 40 என்று கூட்டுங்கள். ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த சர்வீசில் முன் பேடு தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை.