ஹூட் கப்பலின் மணி

அவையோருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கடற்படை அருங்காட்சியகத்தில் ஒரு மணி இருக்கிறது. எச்.எம்.எஸ். ஹூட் என்ற போர்க்கப்பலின் மணி அது. 1941 மே 24 காலையில், கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே உள்ள டென்மார்க் நீரிணையில் ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பல் தாக்கியதில் ஹூட் வெடித்துப் பிளந்து, சில நிமிடங்களில் மூழ்கியது. கப்பலில் இருந்த 1,418 பேரில் பிழைத்தவர்கள் மூன்றே பேர்.

ஏறத்தாழ 2,800 மீட்டர் ஆழத்தில், சட்டம் காக்கும் போர்க்கல்லறையாகக் கிடக்கிறது அந்தக் கப்பல். அங்கே போய் மணியை எடுத்து வரலாமா? இறந்தவர்களைத் தொந்தரவு செய்வதாகாதா? நியாயமான கேள்வி. ஆனால் அதை எடுத்தது சரி என்பதே என் உறுதியான எண்ணம். காரணம், அந்த மணியிலேயே பொறித்திருக்கிறது.

அது முதலில் 1891-ல் கடலில் இறக்கிய பழைய ஹூட் கப்பலின் மணி. 1914-ல் போர்ட்லாண்ட் துறைமுகத்தின் ஒரு வாயிலை அடைப்பதற்காக அந்தக் கப்பலைக் கடற்படையே மூழ்கடித்தது. மணியை மட்டும் ரியர் அட்மிரல் ஹொரேஸ் ஹூட் காப்பாற்றி வைத்தார். 1916 மே 31, ஜட்லாண்ட் கடற்போரில் அவருடைய இன்வின்சிபிள் கப்பல் வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு அவரும் மாண்டார். 1918 ஆகஸ்ட் 22 அன்று புதிய ஹூட்டைக் கடலில் இறக்கிவைத்தவர் அவருடைய மனைவி. கணவரின் நினைவாக அந்த மணியைப் புதிய கப்பலுக்குக் கொடுத்தார். ஆக, கடலடிக்குப் போவதற்கு முன்பே அது நினைவுச்சின்னம்தான்!

பிழைத்த மூவரில் ஒருவரான டெட் பிரிக்ஸ், மணியை மீட்க வேண்டும் என்று விரும்பினார். 2008-ல் காலமானார், பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 2012-ல் ஒரு முயற்சியைக் கெட்ட வானிலை முறியடித்தது. 2015 ஆகஸ்டில், மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலனின் ஆக்டோபஸ் கப்பலிலிருந்து இறக்கிய இயந்திரம் மணியைத் தூக்கியது. கப்பலின் உடலை விட்டு விலகி, சிதறல்களுக்கு நடுவே கிடந்த மணி அது.

பழுதுபார்த்தபோது, உட்புறத்தில் நீல வண்ணம் தெரிந்தது. யாரோ ஒரு மாலுமி பூசியது! எந்தப் பெயர்ப்பலகையை விடவும் அந்த நீலம் என்னை அதிகம் கலங்க வைக்கிறது.

கப்பலில் அரை மணிக்கொரு முறை, ஒவ்வொரு முறையும் ஓர் அடி கூட்டி, மணி அடிப்பார்கள். நான்கு மணி நேரக் காவல் முடிந்தால் எட்டு அடி. 2016 மே 24, கப்பல் மூழ்கிய 75-ஆம் ஆண்டு நாளில், இளவரசி ஆன் அந்த எட்டு அடிகளை அடித்தார். நிலத்தில் கல்லறை இல்லாத 1,415 பேரின் குடும்பங்கள் போய் நிற்க, இப்போது கரையில் ஓர் இடம் இருக்கிறது.