சிரிப்புக் குறியை நிறுத்திவிடாதீர்கள்

வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என் மனதை விட்டுப் போகவில்லை. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "என்னோடு வேலை பார்ப்பவர் பார்வையற்றவர். எல்லோருக்கும் அனுப்பும் செய்திகளில் ஸ்மைலி, எமோஜி போடுவேன். அவருக்கு மட்டும் போடுவதை நிறுத்திவிட்டேன். அவருக்கு அது தொந்தரவுதானே?"

நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறீர்கள். ஆனால் நிறுத்தியிருக்க வேண்டாம்.

திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் எப்படி வேலை செய்கிறது என்று பழைய வீடியோக்களில் நிறையப் பேசியாயிற்று. அதில் நான் அடிக்கடி சொல்லும் ஒன்றை மட்டும் திரும்பச் சொல்கிறேன்: பார்வையற்ற எங்களுக்கு முகம் வருவதில்லை, முகத்தின் பெயர் வருகிறது. எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக எண் கொடுக்கும் முறைதான் யூனிகோடு. அதில் எமோஜிகளுக்கும் எண்ணும் பெயரும் உண்டு. கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகத்தை நீங்கள் பார்க்கும் இடத்தில், என் காதில் "பேஸ் வித் டியர்ஸ் ஆஃப் ஜாய்" என்று விழும்.

எமோஜி வருவதற்கு முன்னால் நிலைமை வேறு. அப்போது முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துத்தான் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பெயர் கிடையாது, ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் நிறுத்தக்குறி. என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரில் நிறுத்தக்குறிகளை எவ்வளவு படிக்க வேண்டும் என்பதற்குப் பல நிலைகள் உண்டு. எல்லாவற்றையும் படி என்று வைத்தால் காது வலித்துவிடும். அதனால் பலரும் குறைத்தே வைத்திருப்போம். அப்போது அந்தச் சிரிப்பு சத்தமில்லாமல் விழுங்கப்பட்டுவிடும்.

எனக்கு அப்படி நடந்தது. வேலையில் ஒன்றைத் தாமதமாக முடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தேன். பதில் வந்தது: "சரி, நான் பார்த்துக்கொள்கிறேன்." இதை நீங்களே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆறுதலாகவும் சொல்லலாம், மிரட்டலாகவும் சொல்லலாம். கணினிக் குரலுக்கு இரண்டும் ஒன்றுதான். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் அந்த வரியில் அம்புக்குறி விசையை அழுத்தி ஓர் எழுத்து, ஓர் எழுத்தாக நகர்ந்தேன். கடைசியில் "கோலன், டேஷ், ரைட் பேரன்" என்றது. பக்கத்தில் இருந்த நண்பர், "யார் அந்தப் பேரன்?" என்று கேட்டபடி திரையைப் பார்த்தார். "அட, அவர் சிரித்திருக்கிறார்!" என்றார். அப்புறம் என் உள்ளங்கையைப் பிடித்து விரலால் இரண்டு புள்ளி வைத்தார், ஒரு கோடு போட்டார், ஒரு வளைவு போட்டார். கையைப் பக்கவாட்டில் திருப்பி, "கண், மூக்கு, வாய்" என்றார். இன்றும் அந்த மூன்று குறிகளைக் கேட்டால் உள்ளங்கையில் அந்த விரல் ஊர்வது போல இருக்கும்.

அந்தக் குறி எதற்காகப் பிறந்தது தெரியுமா? 1982 செப்டம்பர் 19 அன்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி அறிஞர் அதை முன்வைத்தார். கணினி வழியே எழுதிக்கொள்ளும்போது வேடிக்கையாகச் சொன்னதைச் சிலர் நிஜம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஏன்? எழுதியவரின் முகம் யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் எல்லோரும் பார்வை உள்ளவர்கள்தான்! ஆக, முகம் தெரியாதவர்களுக்காக உண்டான குறியைத்தான் முகம் தெரியாது என்று எனக்கு அனுப்பாமல் விடுகிறீர்கள்.

தொந்தரவே கிடையாதா? உண்டு. ஒரே முகத்தைப் பத்து தடவை போட்டால் அந்தப் பெயரைப் பத்து தடவை கேட்க நேரிடும். கன்ட்ரோல் விசையை அழுத்திப் பேச்சை நிறுத்தலாம்தான், ஆனால் அதற்குப் பின்னால் எழுதியிருப்பதும் போய்விடும். வாக்கியத்துக்கு நடுவில் போட்டால் பேச்சு அறுந்துவிடும். தன் பெயருக்கு இரண்டு பக்கமும் பூ வைத்துக்கொள்பவர்கள் குழுவில் ஒவ்வொரு முறை பேசும்போதும் அந்தப் பூக்களையும் கேட்டாக வேண்டும். ஒன்று போதும், அதுவும் கடைசியில்.

இன்னொரு சிக்கல் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. மூக்கிலிருந்து புகை விடும் முகம் ஒன்று இருக்கிறது. பலர் அதைக் கோபத்துக்குப் போடுகிறார்கள். 2010இல் யூனிகோடு அதற்கு வைத்த பெயர் "பேஸ் வித் லுக் ஆஃப் ட்ரையம்ஃப்", அதாவது வெற்றிப் பெருமிதம். யூனிகோடில் ஒரு தடவை பெயர் வைத்தால் மாற்ற மாட்டார்கள். பின்னால், பெயர்களை மொழிவாரியாகத் தரும் சிஎல்டிஆர் என்ற தொகுப்பில் புகையைச் சொல்லும் பெயர் தனியாக வந்தது. அதுவரை ஒருவர் என்னிடம் கோபப்பட்டால், ஜெயித்துவிட்டதாகச் சொல்கிறார் என்றுதான் கேட்கும். நான் சொன்னேனே, எங்களுக்கு வருவது முகத்தின் பெயர். அந்தப் பெயரை வைத்தவர் நீங்கள் இல்லை. அதனால் கோபம் என்றால் ஒரு சொல்லிலும் எழுதிவிடுங்கள்.

"நீங்கள் எப்படி எமோஜி அனுப்புகிறீர்கள்?" என்று இதுவரை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிறேன், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10இலும் 11இலும் விண்டோஸ் விசையையும் முற்றுப்புள்ளியையும் சேர்த்து அழுத்தினால் எமோஜிப் பலகை திறக்கும். ஸ்மைல் என்று ஆங்கிலத்தில் தட்டிவிட்டு அம்புக்குறியால் நகர்ந்தால் ஒவ்வொன்றின் பெயரும் கேட்கும். வேண்டியது வந்ததும் என்டர். போனில் விரலை நகர்த்தி ஒவ்வொரு பெயராகக் கேட்டுத் தேடுவது நேரம் பிடிக்கும். அதனால் அடிக்கடி வேண்டிய நான்கு முகங்களுக்குச் சுருக்கெழுத்து வைத்திருக்கிறேன். இரண்டு எழுத்து தட்டினால் முகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். புதிய முகம் என்றால் பார்வையுள்ள ஒருவரிடம் காட்டி, "இது பார்க்க எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுத்தான் சேர்ப்பேன்.

கேள்வி கேட்டவர் தன்னுடன் வேலை பார்ப்பவரிடம், அவர் எந்த நான்கை வைத்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.