அளந்து போடு: சி. ரங்கராஜனின் பணிவாழ்வு குறித்து மதுரையில் ஆற்றிய உரை

தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற கருவூல அலுவலர் ஐயா அவர்களே, வாழ்த்துரை வழங்கிய கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, செல்லூரிலிருந்தும் தல்லாகுளத்திலிருந்தும் பேருந்து மாறி மேலூரிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். சால்வைக்குப் பதிலாகப் புள்ளியியல் நூலொன்றை எனக்கு அணிவித்த, மன்னிக்கவும், அளித்த வரவேற்புக் குழுவினருக்கு இரட்டை நன்றி.

முனைவர் சி. ரங்கராஜன் அவர்களை ஆசிரியர், ரிசர்வ் வங்கியாளர், மாநில ஆளுநர் என்று மூன்று நிலைகளில் பேசுவதாக அழைப்பிதழ் அறிவிக்கிறது. 1932இல் அரியலூரில் பிறந்து, வணிகவியல் படித்து, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1964இல் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்று, அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பல்லாண்டுகள் கற்பித்த பிறகுதான், 1982இல் அவர் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநரானார். வகுப்பறையில் அத்தனை காலம் இருந்தவரைக் கோப்புகளால் மாற்ற முடியவில்லை என்பது என் கருத்து. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். அவருடைய பணிவாழ்வு முழுவதற்கும் அதுவே உரை.

1991 ஜூலையைச் சற்று விரித்துச் சொல்கிறேன். அன்னியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலையில் ரூபாயின் மதிப்பை இரண்டு படிகளாகக் குறைக்க முடிவாயிற்று. ஜூலை 1ஆம் நாள் முதற்படியாக ஏறத்தாழ 9 விழுக்காடு குறைத்தவுடனேயே நாடெங்கும் கூச்சல் எழுந்தது. பிரதமர் நரசிம்ம ராவ் தயங்கினார்; இரண்டாம் படியை நிறுத்திவிட முடியுமா என்று, 3ஆம் நாள் காலை நிதியமைச்சர் மன்மோகன் சிங் மும்பைக்குத் தொலைபேசியில் அழைத்தார். மறுமுனையில் இருந்தவர் நம் அரியலூர்க்காரர். அந்த நடவடிக்கைக்குத் தாண்டிக் குதிக்கும் விளையாட்டின் பெயரையே சங்கேதமாக வைத்திருந்தார்கள். ‘நான் குதித்துவிட்டேன்’ என்றாராம். அறிவிப்பு ஏற்கெனவே வெளியாகியிருந்தது! (கைதட்டல்.) முன்வரிசையில் சிரிக்கும் வங்கி மேலாளர் ஐயாவுக்கு அந்தக் காலை நேரத்தின் படபடப்பு நன்றாகத் தெரிந்திருக்கும். குதித்தவர் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை. எவ்வளவு தூரம் என்று முன்பே அளந்திருந்தார்.

1992 டிசம்பரில் வங்கியின் ஆளுநரான பின் அவர் செய்தவற்றுள், அதிகம் பேசப்படாத ஒன்றையே நான் பெரிதாக மதிக்கிறேன். மத்திய அரசின் கையிருப்பு குறையும்போதெல்லாம் தற்காலிகக் கருவூல உண்டியல்கள், அதாவது அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரங்கள், தாமாகவே உருவாகி, ரிசர்வ் வங்கி பணம் தந்துகொண்டிருந்த வழக்கம் 1955 முதல் இருந்தது. பற்றாக்குறையை வங்கியே வரம்பின்றி நிரப்பியதால் விலைவாசி ஏறியது. 1994இல் அரசோடு ஒப்பந்தம் செய்து அதற்கு எல்லை கட்டி, 1997 ஏப்ரலிலிருந்து அடியோடு நிறுத்தினார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று அரசாங்கத்திடமே சொல்வதற்கு, பதவியைவிடப் பாடத்தில் பிடிப்பு வேண்டும்.

பின்னர் ஆந்திர ஆளுநராகவும், மத்திய வரி வருவாயை மாநிலங்களோடு பகிர்வது குறித்துப் பரிந்துரைக்கும் பன்னிரண்டாம் நிதிக் குழுவின் தலைவராகவும் இருந்தார். அவை குறித்துப் பேச நேரம் போதாது. ஏனெனில் இந்த மேடைக்கு நான் வந்ததே வேறொரு வேண்டுகோளோடுதான். நம் வட்டாரக் கல்லூரிகளில் சேர்க்கை குறைவு என்ற காரணத்தால் தமிழ்வழிப் பொருளியல் வகுப்புகளைச் சத்தமில்லாமல் மூடுகிறார்கள். உசிலம்பட்டியிலிருந்து வரும் மாணவிக்குப் பணவீக்கத்தை அவள் மொழியில் விளக்க ஓர் ஆசிரியர் இல்லாமற்போனால், அடுத்த ரங்கராஜனை எங்கிருந்து எதிர்பார்ப்பது? மூடுவதற்கு முன் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் கட்டணத்தால் விலகினார்கள் என்று கல்லூரிகள் கணக்குக் காட்ட வேண்டும்.

வாசல் மேசையில் கல்வித்துறைக்கான மனு இருக்கிறது. கையெழுத்தோடு பெயரையும் ஊரையும் தெளிவாக எழுதுங்கள். கிறுக்கல்களை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.