பின்னால் வருபவருக்கான விளக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

காரின் பிரேக் விளக்கில் இருக்கும் இழை பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் லூமன் (பல்பு தரும் மொத்த ஒளியின் அளவு) கணக்கை நம்பி வாங்காதீர்கள். அந்த விளக்கை நீங்கள் ஓட்டும்போது ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. பின்னால் வருபவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் லாபத்தைச் சொல்லிவிடுகிறேன். இழை பல்பு சூடேறிய பிறகுதான் ஒளிரும். பிரேக்கை மிதித்ததும் அது முழு வெளிச்சத்துக்கு வர ஏறத்தாழ 0.2 நொடி பிடிக்கும். எல்.இ.டி.க்கு அந்தக் காத்திருப்பு இல்லை. மிதித்த உடனே எரியும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 0.2 நொடியில் ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். பின்னால் வருபவருக்கு அந்த ஐந்தரை மீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது. மின்சாரமும் மிச்சம்தான். ஆனால் பிரேக் விளக்கு விட்டுவிட்டுச் சில நொடிகள் எரிவது, அதில் என்ன பெரிதாக மிச்சமாகிவிடும்?

சரி, சிக்கலுக்கு வருவோம். பல கார்களில் ஒரே பல்பு இரண்டு வேலை பார்க்கிறது. பி21/5டபிள்யூ என்று அதன் அடியில் எழுதியிருக்கும். உள்ளே இரண்டு இழைகள்: இரவில் டெயில் விளக்காக எரிய 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். ஒளியைக் கணக்கிட்டால் முதலாவது சுமார் 35 லூமன், இரண்டாவது 440. பன்னிரண்டு மடங்குக்கும் மேல். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் இருட்டில் பின்னால் வருபவர், முன்னே போகிறவர் பிரேக் போட்டுவிட்டார் என்று தெரிந்துகொள்கிறார். மலிவான எல்.இ.டி. பல்புகள் கோட்டைவிடுவது இங்கேதான். டெயில் விளக்கையே பளிச்சென்று எரிய வைத்துவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். பிரேக் போட்டால் மட்டும் கொஞ்சம்தான் கூடும். அப்படிப்பட்ட பல்புக்கு இழை பல்பே மேல் என்பேன்.

அடுத்து நிறம். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்.இ.டி.தான் போட வேண்டும். வெள்ளை எல்.இ.டி. என்பது அடிப்படையில் நீல எல்.இ.டி.; மேலே பூசிய பாஸ்பர் என்னும் ஒளிரும் பூச்சுதான் அதை வெள்ளையாகக் காட்டுகிறது. அந்த ஒளியில் சிவப்பின் பங்கு குறைவு. மீதியைக் கண்ணாடி வடிகட்டிவிடுவதால் வெளியே வருவது மங்கலாக இருக்கும், சிலசமயம் இளஞ்சிவப்பாகவும் தெரியும்.

விளக்குக்கூட்டின் உள்ளே ஒளியைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டரும் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வளைத்துச் செய்தது. எல்.இ.டி. பல்பில் ஒளி தரும் சின்னச் சில்லுகள் வேறு இடத்தில் உட்கார்ந்தாலோ, ஒரே பக்கம் பார்த்தாலோ, நடுவில் ஒரு புள்ளி மட்டும் கண்ணைக் கூசும், ஓரமெல்லாம் இருண்டு கிடக்கும்.

மாற்றி முடித்ததும் சில கார்களின் டாஷ்போர்டில் பல்பு எரியவில்லை என்று எச்சரிக்கை வரும். எல்.இ.டி. இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், பல்பு போய்விட்டது என்று கார் நினைத்துக்கொள்கிறது. உடனே ஒரு ரெசிஸ்டரை, அதாவது கூடுதல் மின்சாரத்தை இழுக்கும் மின்தடையைச் சேர்த்துவிடுங்கள் என்று யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். பிளாஸ்டிக் மேல் ஒட்டினால் உருக்கிவிடும். அதைவிட மோசம், நாளைக்கு எல்.இ.டி. உண்மையிலேயே செத்துப்போனாலும் ரெசிஸ்டர் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாஷ்போர்டு எதுவும் சொல்லாது. உங்கள் காருக்கு ஒத்துப்போகும் பல்பு கிடைக்காவிட்டால் பழையதையே விட்டுவிடுங்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இழை பல்புக்கென ஒப்புதல் பெற்ற விளக்கில் எல்.இ.டி. பல்பு போடுவதைப் பல நாடுகளின் விதிகள் ஏற்பதில்லை. தொழிற்சாலையிலேயே எல்.இ.டி. விளக்கோடு வரும் கார்களுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது.

போடப்போகிறீர்களா? ஒரு பக்கத்தில் மட்டும் மாற்றிவிட்டு, இருட்டியதும் டெயில் விளக்கை எரியவிட்டு, வேறொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் இருபது முப்பது மீட்டர் பின்னால் போய் நின்று, பழையதையும் புதியதையும் சேர்த்துப் பாருங்கள். இடமும் வலமும் நகர்ந்தும் பாருங்கள். அப்புறம் பகல் வெயிலில் இன்னொரு முறை. எந்த இடத்திலிருந்து பார்த்தாலும் புதியது பழையதற்குக் குறையாமல் இருந்தால் மறுபக்கத்தையும் மாற்றிவிடலாம். கடைசியாக, க்ரூஸ் கன்ட்ரோல் (காரைத் தானாக ஒரே வேகத்தில் ஓட்டும் வசதி) உள்ள கார் என்றால் பாதுகாப்பான சாலையில் அதை ஒருமுறை போட்டுப் பாருங்கள். சில பழைய கார்களில் அது பிரேக் பல்பு வழியாகத்தான் மின்சுற்றை முடிக்கிறது, எல்.இ.டி. போட்டபின் இயங்க மறுக்கும்.

வணக்கம்.