துவரங்காட்டுக் கொத்தனார்த் தேனீ

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, இந்த உழவர் மன்றத்தைக் கட்டிக்காத்து வரும் செயலாளர் ஐயா அவர்களே, அலுவல் நெருக்கடிக்கிடையிலும் வந்திருந்து சிறப்பிக்கும் வேளாண்மை உதவி இயக்குநர் அவர்களே, நேற்று மாலையே வந்து பந்தற்கால் நட்ட இளைஞர்களே, களையெடுப்பை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன் மண்புழுவைப் பற்றி அருமையாகப் பேசிய தலைமையாசிரியர் ஐயாவுக்கும் என் நன்றி உரியது.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். நாம் குளவி என்று எண்ணித் துடைப்பத்தால் அடித்துவிடும் கொத்தனார்த் தேனீயின் வாழ்க்கை, துவரைக்கு அது செய்யும் உதவி, அதற்கு நாம் செய்யும் கேடு, அதை வளர்க்கும் முறை ஆகிய நான்கையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டுக்கே உரிய இந்தத் தேனீக்கு 1775ஆம் ஆண்டிலேயே ஃபாப்ரீசியுஸ் என்ற அறிஞர் அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். இன்றைய பெயர் மெகாகைல் லனாட்டா. இதற்கு இராணியும் இல்லை, வேலைக்காரத் தேனீக்களும் இல்லை. ஒவ்வொரு தாயும் தனியாகவே கூடு கட்டுகிறாள். வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணைத் தாடையால் உருட்டி எடுத்து, மூங்கில் துளையிலோ சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டையிலோ அறை அமைத்து, மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டையிட்டு, மண்ணால் அடைத்துவிட்டு அடுத்த அறையைத் தொடங்குகிறாள்.

இவற்றின் நெருங்கிய உறவான கொத்தனார்த் தேனீக்களைப் பிரான்சின் தென்பகுதியில் செரிஞான் என்ற ஊரில் ஆராய்ந்தவர் ஜான் ஹென்றி ஃபாபர் என்ற பூச்சியியல் அறிஞர். தேனீக்களின் முதுகில் சுண்ணக்கட்டிக் குழம்பால் புள்ளியிட்டுத் தொலைவில் கொண்டுபோய் விட்டார். அவை வீடு திரும்பின. இதையறிந்த சார்லஸ் டார்வின், தேனீக்களைப் பெட்டியில் அடைத்து முதலில் எதிர்த்திசையில் கொண்டுபோய், அங்கே பெட்டியை வேகமாகச் சுழற்றித் திசை மறக்கச் செய்து, அதன்பின் விட்டுப்பாருங்கள் என்று யோசனை எழுதியனுப்பினார். 1880ஆம் ஆண்டு ஃபாபர் அப்படியே செய்தார். வழியில் நின்ற சிலுவைக்கு அருகே கயிற்றில் கட்டிய பெட்டியைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டிருந்த அவரை அவ்வழியே வந்த ஒரு பெண் பார்த்துவிட்டாள். சில நாள் முன்புதான் அவர் பழங்காலப் புதைகுழி ஒன்றைத் தோண்டியிருந்தார். எனவே இது பேய் வசியம்தான் என்று அவள் முடிவு கட்டியிருப்பாள்! இவ்வளவு சுழற்றிய பிறகும் பத்துக்கு மூன்று, நான்கு தேனீக்கள் தம் கூட்டுக்கே திரும்பி வந்தன. ஆய்வுகள் முழுதும் முடிவதற்குள், 1882இல், டார்வின் காலமாகிவிட்டார்.

அத்தனை பாடுபட்டுத் திரும்பி வருகிற உயிருக்கு, வந்து சேரும்போது கூடு இருக்க வேண்டாமா? அந்தக் கூட்டைக் காப்பது நமக்கே நல்லது. நம் கொத்தனார்த் தேனீ துவரைப் பூவின் படகிதழை, அதாவது படகுபோல் மடிந்த அடியிதழை, தன் எடையால் அழுத்தித் திறக்கும்போது மகரந்தம் இதன் வயிற்றடி மயிரில் அப்பிக்கொள்கிறது. அந்த வயிற்றோடுதான் இது அடுத்த செடிக்குப் போகிறது. ஐதராபாத் அருகே பத்தான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று உருவாக்கி 1991இல் வெளிவந்த வீரிய ஒட்டுத் துவரைக்குக்கூட விதை உற்பத்தி இத்தகைய தேனீக்களை நம்பித்தான் நடக்கிறது.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? வரப்பைக் கொளுத்துகிறோம். வேலியோரத்து நாணலும் காய்ந்த ஆமணக்குத் தண்டும் குப்பை என்று எரிகின்றன; அந்தத் துளைகளுக்குள் அடுத்த தலைமுறை உறங்கிக்கொண்டிருக்கிறது. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று மீண்டும் சொல்கிறேன், அந்தத் துரும்பைக் கொளுத்தாதீர்கள். பூச்சிமருந்துக் கடைகளில் களைக்கொல்லிப் புட்டிகள் அடுக்கடுக்காக இருப்பதாலேயே வரப்பையும் மொட்டையாக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

வளர்ப்பு முறையைப் பற்றிப் பேச நேரம் இடம் தரவில்லை. உதவி இயக்குநர் அவர்கள் அதற்கென ஒரு நாள் பயிற்சி நடத்தித் தருமாறு வேண்டுகிறேன். ஆடிப்பட்டத்துத் துவரை ஐப்பசியில் பூக்கும். அதற்கு முன்பாக, அக்டோபர் 2 கிராம சபையில், ஊராட்சி எல்லைக்குள் வரப்பையும் வேலிப்புதரையும் எரிப்பதில்லை என்றும், பூக்கும் பருவத்தில் பகலில் பூச்சிமருந்து தெளிப்பதில்லை என்றும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அத்தீர்மானத்தின் வரைவை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். தலைவர் அம்மையார் அவர்கள் இப்போதே பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.